காத்திருக்கும் பிராசசர்

ஆறேழு ஆண்டு ஓடிய வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் நம் ஊரில் இரண்டு தீர்ப்புகள்தாம் வழக்கம்: ‘ஃபார்மட் அடிச்சுடலாம்’ என்பது ஒன்று, ‘பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க’ என்பது இன்னொன்று. எந்தப் பாகம் மெதுவாகியிருக்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை. பிராசசர் வயதாகித் தளர்ந்துபோகும் பொருள் அல்ல. 2015-இல் நொடிக்கு 300 கோடி துடிப்புகளில் வேலை செய்த சில்லு, சூடேறாமல் பார்த்துக்கொண்டால், இன்றும் அதே 300 கோடியில்தான் வேலை செய்யும். ஆனால் அது கேட்ட தரவு கைக்கு வந்து சேரும்வரை சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. திரையில் சுற்றும் அந்த வட்டம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பின் அடையாளம்தான். ஆகவே பழுது பார்ப்பதென்றால், கம்ப்யூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய மடிக்கணினிகளில் அநேகமாகக் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். அதற்குள் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதன்மேல் ஒரு சிறு கரம் முன்னும் பின்னும் நகர்ந்து தரவைப் படிக்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. கரம் சரியான தடத்துக்குப் போக வேண்டும், பிறகு வேண்டிய இடம் சுழன்று அடியில் வர வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக 15 மில்லி விநாடி ஆகிறது. அற்ப நேரம்தானே என்று தோன்றும். பிராசசரின் ஒரு துடிப்பை ஒரு விநாடி என்று நீட்டிப் பார்த்தால், ரேமிலிருந்து தரவு வர ஐந்து நிமிடம். தட்டும் கரமும் இல்லாமல் சில்லிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலிருந்து மூன்றரை நாள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு! 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் சாதனத்தில் சுமார் 50 லட்சம் எழுத்துகள் அடங்கின. ஒரு தரவைத் தேடி எடுக்க அதற்கு 600 மில்லி விநாடி ஆயிற்று. இன்றைய 1 டிபி டிஸ்க்கில் கொள்ளளவு இரண்டு லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது. தேடும் வேகமோ நாற்பது மடங்குதான் கூடியிருக்கிறது. அசையும் கரத்தை அதற்குமேல் விரட்ட முடியவில்லை.

‘என் ஹார்ட் டிஸ்க்கில் சினிமா ஃபைல் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் காப்பி ஆகிறதே’ என்று கேட்கலாம். உண்மைதான். பெரிய ஃபைல் தட்டில் தொடர்ச்சியாகக் கிடப்பதால் கரம் அதிகம் அலைய வேண்டியதில்லை. விண்டோஸ் துவங்கும்போது நடப்பது வேறு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துணுக்குகள் தட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வர வேண்டும். துணுக்கு ஒன்று 4 கேபி, நொடிக்கு 65 துணுக்கு என்று பெருக்கினால் கால் எம்பிதான் தேறுகிறது. அதே நேரத்தில் அப்டேட், ஆண்டிவைரஸ், தேடல் அட்டவணை எல்லாம் ஆளுக்கொரு திசையில் கரத்தை இழுக்கின்றன.

டிஸ்க் திணறுவதற்கு ரேம் பற்றாக்குறையும் காரணமாகலாம். அதனால்தான் கவனம் தேவை. ரேம் போதாதபோது டிஸ்க் போன்ற மெதுவான சேமிப்பின் ஒரு பகுதியை நினைவகமாகப் பாவிக்கும் தந்திரம், மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டர் காலத்திலேயே வந்துவிட்டது. 4 ஜிபி ரேமில் பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்தால் இன்றும் அதுதான் நடக்கிறது. இரண்டையும் பிரித்தறியக் காசு செலவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி பாதியிலேயே நிற்க டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம். மெமரியும் 90 சதவீதத்தைத் தொட்டால் ரேம் சேர்க்காமல் தீராது. சிபியு 100 காட்டினால், அதை விழுங்கும் நிரலின் பெயர் அதே பட்டியலில் இருக்கும். வைரஸ் என்று சந்தேகப்பட வேண்டிய இடம் அது.

ஃபார்மட் செய்தால் வேகம் வருகிறதே என்பது நியாயமான மறுப்பு. வரத்தான் செய்யும், துவக்கத்திலேயே தொற்றிக்கொண்ட நிரல்கள் போய்விடுகின்றன, சிதறிய ஃபைல்கள் தட்டில் ஒழுங்காக எழுதப்படுகின்றன. கரத்தின் வேகம் மாறாததால் சில மாதங்களில் பழைய கதைதான். தேவையற்ற நிரல்களை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியிலேயே நிறுத்திவிடலாம். அதற்கு எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். வேகம் கூட்டுவதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர் வகையறாக்களும் வேண்டாம், அவற்றை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை.

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்ற பயமும் உண்டு. தேய்வது மெய். ஆனால் 300 டெராபைட் எழுதத் தாங்கும் என்று உத்தரவாதம் தரும் 500 ஜிபி எஸ்எஸ்டியில் நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட 41 ஆண்டு ஆகும். வேறு காரணத்தால் திடீரென்று செத்துப்போவதற்கான வாய்ப்பு எல்லாச் சாதனத்துக்கும் இருப்பதுபோல் இதற்கும் இருக்கிறது. ஆகவே படங்களுக்கு இன்னொரு பிரதி வேண்டும்.

டிஸ்க்கை மாற்றினால் போதும் என்ற இந்த வாதம் செல்லாத இடங்களும் உள்ளன. மலிவான சில மடிக்கணினிகளில் சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற வழியில்லை. விசிறியில் தூசி அடைத்துத் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே எஸ்எஸ்டி என்ன செய்யும்? ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டால் வேகத்தை மறந்துவிட்டு, அன்றைக்கே ஃபைல்களை வெளியே காப்பி எடுக்க வேண்டும்.