புகை செல்லும் வழி

கோணேசர் மலைமீது நின்று தெற்கே நோக்குவார்க்குக் கொட்டியாரக் குடாவின் மறுகரையிலே சம்பூர்ப் பக்கம் தோன்றும். அங்கே 500 மெகாவற்று நிலக்கரி மின்னிலையம் ஒன்றை நிறுவ இலங்கையும் இந்தியாவும் 2006ஆம் ஆண்டில் உடன்பட்டன. அவ்வாண்டிலேயே போரினாற் பெயர்ந்த சம்பூர் மக்கள் பல்லாண்டு கழித்தே ஊர் மீண்டனர். 2016 செப்டெம்பரில், வழக்கு உயர் நீதிமன்றில் இருக்கையில், அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆயினும் அது எழுப்பிய வினா மறைந்திலது. புகைபோக்கியினின்று வெளிப்படும் நஞ்சு எவ்வூரில், எந்நேரத்தில், எவ்வளவு வந்து சேரும்? ஆலை எழுமுன்னரே இதனைக் கணித்தற்கு உதவுவன பரவல் மாதிரியுருக்கள். அவற்றுள் மூன்றனை ஈண்டு ஒப்புநோக்குவோம்.

எளியது கவுசின் புகையிழை மாதிரியுரு. காற்றின் கதி, பகல் வெயில், இரவு முகில் ஆகியவற்றைக்கொண்டு வளிமண்டல நிலையை ஆறு வகுப்பாகப் பிரிக்கும் முறையைப் பஸ்குவில் என்னும் ஆங்கில அறிஞர் 1961இல் வெளியிட்டார். அவ்வகுப்பே புகையிழை எவ்வளவு விரியும் என்பதைக் காட்டும். ஏனையவை மாறாதிருப்பின், நஞ்சு இருமடங்காயின் செறிவும் இருமடங்காகும். காற்றின் கதி இருமடங்காயின் செறிவு பாதியாகும். புகை எழும் உயரம் இருமடங்காயின் தரையில் உச்சச் செறிவு ஏறத்தாழக் காற்பங்காகும். ஆனால் காற்று அறவே ஓய்ந்த வேளையில் இச்சூத்திரம் பயன்படாது.

அடுத்தது ஏர்மொட். ஐக்கிய அமெரிக்காவின் சூழல் பாதுகாப்பு முகவரகம் 2005இல் இதனை ஏற்றது. ஆறு வகுப்புக்கு மாறாக, நிலத்தின் வெப்பம், கரடுமுரடு முதலியவற்றினின்று வளியின் கொந்தளிப்பை இது நேரே கணிக்கும். குன்றுகளையும் கருத்திற் கொள்ளும். எனினும் ஒவ்வொரு மணிநேரத்திலும் எங்கணும் காற்று ஒரே திசையில் வீசுவதாகவே இதுவும் கொள்ளும்.

மூன்றாவது கல்பவ். புகையைத் தனித்தனிப் பொதிகளாக்கி, இடந்தோறும் காலந்தோறும் மாறும் காற்றின்வழி அவற்றைச் செலுத்தும். இதற்கு விரிவான காற்றுத் தரவு வேண்டும். தரவு பிழைப்பின் விடையும் பிழைக்கும்.

வாடை, கொண்டல், தென்றல், கோடை எனத் திசைபற்றிக் காற்றுக்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். நம் கரையிலோ ஒரு நாளுக்குள்ளேயே திசை மாறும். கச்சான் காலத்துக் காலையில் கடல்நோக்கிச் சென்ற புகை, பிற்பகற் கடற்காற்றோடு ஊர்மேல் மீளலாம். மேலும், குளிர்ந்த கடற்காற்றில் விரியாது மேலே மிதந்துவரும் புகை, வெந்நிலத்தின்மேற் குமுறும் வளிப்படையைத் தொட்டதும் தரைக்கு இழுக்கப்படும். முதலிரு மாதிரியுருக்களின் வழக்கமான கணிப்பில் இவ்விரண்டும் அடங்கா. ஆதலின், சமவெளிக்குப் பொருந்தும் கணிப்புக் குடாக்கரைக்குப் பொருந்தும் என்பது துணியப்படாது.

சம்பூரில் 2025 ஏப்பிரிலில் சூரிய மின்திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது புகையற்றது. ஆயினும் துறைமுகக் கரையில் நாளை வேறு ஆலைகள் எழலாம். அப்போது அறிக்கையின் இறுதி எண்ணை மட்டும் நோக்கி அமைதல் சாலாது. எம்மாதிரியுரு கையாளப்பட்டது? காற்று எங்கே, எத்தனை ஆண்டு அளக்கப்பட்டது? கடற்காற்றும் ஓய்ந்த வேளைகளும் கணக்கில் வந்தனவா? இவ்வினாக்களைத் தெளிந்து கேட்க வல்லாரை ஆக்குதல் கல்விக்கூடத்தின் கடன். கேட்டல் ஊரவரின் உரிமை.