பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? வீட்டு நாயை என்ன செய்வது?

பொங்கல் வருகிறது!

போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று வரிசையாக நாலு நாள். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சென்னையில் வேலை பார்ப்பவர்கள் மூட்டை முடிச்சுடன் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்பா, அம்மாவைப் பார்க்கவேண்டும். புதுப் பானையில் பொங்கல் வைக்கவேண்டும். குழந்தைகள் கரும்பு கடிக்கவேண்டும்.

எல்லாம் சரிதான். ஆனால் வீட்டில் இன்னொரு ஜீவன் இருக்கிறது. அதற்குப் பேசத் தெரியாது. டிக்கெட் வாங்கத் தெரியாது. நீங்கள் பெட்டியைக் கையில் எடுத்தவுடன், வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கும்.

அதுதான் உங்கள் வீட்டு நாய்!

அதை என்ன செய்வது?

பூட்டிவிட்டுப் போகலாமா?

சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். சட்டி நிறையச் சோறு வைக்கிறார்கள். வாளி நிறையத் தண்ணீர் வைக்கிறார்கள். நாயைச் சங்கிலியில் கட்டுகிறார்கள். கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இது கூடவே கூடாது! சோறு மறுநாளே கெட்டுப்போகும். வாளி கவிழ்ந்தால் தண்ணீர் கிடையாது. சங்கிலி எதிலாவது சிக்கிக்கொண்டால் அவிழ்த்துவிட ஆள் இல்லை. நாலு நாள் கழித்து நீங்கள் திரும்பி வரும்போது வாலாட்ட அது உயிரோடு இருக்குமா?

இது பாவம் மட்டும் அல்ல. குற்றமும்கூட. வளர்க்கும் பிராணிக்குப் போதுமான தீனி, தண்ணீர் கொடுக்காமல் இருப்பது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் ஆகும்.

ஆகவே இரண்டே வழிதான். நாய்க்குப் பழக்கமான ஒருவர் தினமும் வந்து கவனித்துக்கொள்ள ஏற்பாடு செய்யவேண்டும். அல்லது கூடவே அழைத்துப் போகவேண்டும். கிழட்டு நாய், நோயாளி நாய், சினை நாய், தடுப்பு ஊசி போட்டு முடியாத குட்டி... இவற்றை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. நல்ல திடமான நாய் என்றால் தாராளமாக அழைத்துப் போகலாம்.

ஒரு மாதம் முன்பே ஊசி

வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டாகிவிட்டதா? முதலில் அதைப் பாருங்கள். முதல் தடவை ஊசி போட்டால், அது நன்றாக வேலை செய்யச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஆகவே, கிளம்பும் நாள் அன்று ஊசி போட்டுப் பயன் இல்லை. ஊசி போட்டதற்கான சீட்டைப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரெயிலிலும் அதைக் கேட்பார்கள்.

கழுத்துப் பட்டையில் ஒரு சிறு தகடு கட்டுங்கள். அதில் நாயின் பெயர் வேண்டாம். உங்கள் செல்போன் நம்பர்தான் வேண்டும்!

ரெயிலில் போகலாமா?

போகலாம். ஆனால் சாதாரணப் பெட்டியில் முடியாது. இரண்டாம் வகுப்பு, தூங்கும் வசதிப் பெட்டி, இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு ஏ.சி. பெட்டி, இவற்றில் எல்லாம் நாய்க்கு இடம் இல்லை.

முதல் வகுப்பில் 2 படுக்கை அல்லது 4 படுக்கை கொண்ட ஓர் அறை முழுவதையும் உங்கள் குடும்பமே பதிவு செய்திருந்தால், நாயையும் உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், கார்டு வண்டியில் நாய்க்கென்று உள்ள கூண்டில் அனுப்பவேண்டும். இரண்டுக்கும் பார்சல் ஆபீசில் பணம் கட்டி ரசீது வாங்கவேண்டும். ரசீது இல்லாமல் பிடிபட்டால் பல மடங்கு கட்டணம்!

பண்டிகை நேரத்தில் முதல் வகுப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே பலரும் காரில்தான் போகிறார்கள்.

காரில் உள்ள ஆபத்து

கிளம்புவதற்கு மூன்று, நாலு மணி நேரத்துக்கு முன்பே கொஞ்சமாகத் தீனி கொடுத்துவிடுங்கள். வயிறு முட்டத் தின்றால் வழியில் வாந்தி எடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிழலில் வண்டியை நிறுத்துங்கள். தண்ணீர் காட்டுங்கள். கதவைத் திறக்கும் முன்பே கழுத்தில் கயிற்றை மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே தாவில் நெடுஞ்சாலைக்குப் போய்விடும்!

"நாங்கள் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். நாய் காரிலேயே இருக்கட்டும். மார்கழிப் பனிதானே!" என்று சிலர் சொல்வார்கள்.

ஏமாந்துவிடாதீர்கள்! வெளியே 24 டிகிரி வெப்பம்தான் என்றாலும், வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 34 டிகிரி ஆகிவிடும். அரை மணியில் 43 டிகிரி! மனிதனுக்கு உடம்பு முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்வை. அது நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. காற்றே சூடாக இருந்தால் மூச்சிரைத்து என்ன பயன்? சுருண்டு விழுந்துவிடும்.

பாட்டி என்ன சொல்வாள்?

ஊருக்குப் போகும் முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

"ஏம்மா, மணியையும் கூட்டிக்கிட்டு வரட்டுமா?"

"கூட்டிட்டு வா ராசா! ஆனா, சாமி ரூம் பக்கம் வரக்கூடாது. அடுப்படிக்குள்ளேயும் வரக்கூடாது. சொல்லிட்டேன்!"

பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அது அவர்கள் வீடு. பொங்கல் வைக்கும் இடத்தில் நாய் குறுக்கே ஓடினால் அவர்கள் மனம் கஷ்டப்படாதா? திண்ணையோ, பின்கட்டோ, ஓர் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் அது படுத்திருந்த பழைய சாக்கை அங்கே விரித்துவிடுங்கள். தன் வாசனை இருந்தால் நாய் அடங்கிப் படுக்கும்.

போகி அன்று அதிகாலையில் குழந்தைகள் மேளம் கொட்டுவார்கள். புகை கிளம்பும். நம் காதைவிட நாயின் காது மிகவும் கூர்மையானது. அன்று அதைக் கதவு சாத்திய அறைக்குள் வைத்திருங்கள். பயந்து ஓடும் நாய்தான் வழி தவறித் தொலைந்துபோகும்.

மாட்டையும் கோழியையும் பார்த்திராத பட்டணத்து நாய், அவற்றைத் துரத்தப் பார்க்கும். மாடு சும்மா இருக்குமா? ஒரே உதைதான்! தெருநாய்களும் புது ஆளை விடமாட்டா. கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளும் உண்டு. ஆகவே, ஊரில் இருக்கும் வரை கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கல்லில் பெயர் பெற்ற நாய்!

"மாட்டுப் பொங்கலுக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேலி செய்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்ட கல். மாடு திருட வந்த கள்வர்களோடு ஒரு வீரன் சண்டை போட்டு உயிர் விட்டான். அவனுடைய நாயும் கள்வரைக் கடித்துக் காவல் காத்தது. கல்லில் வீரனுடைய உருவத்துக்குப் பக்கத்தில் நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர் கோவிவன்!

நம் ராஜபாளையம் நாய்க்கும் பெருமை உண்டு. 2005-ம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா நாலு நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று.

விருந்தில் விஷம்

"பாவம், அதுக்கும் ஒரு வாய் பொங்கல் போடு!" என்று சொல்லாத வீடு கிடையாது. ஆனால் சர்க்கரைப் பொங்கலில் உலர்ந்த திராட்சை இருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை டாக்டர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் புளியில் அதிகம். ஆகவே புளிச்சோறும் வேண்டாம்.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வெங்காய வடை வேண்டாம். சாக்லேட்டும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும். காணும் பொங்கல் அன்று கறி விருந்து முடிந்ததும் எச்சில் இலைகளை மூடிய தொட்டியில் போடுங்கள். நாய்க்கு அது தினமும் தின்னும் தீனியே போதும்.

குழந்தையைக் கடித்துவிட்டால்?

ஊர்க் குழந்தைகள் ஆசையாக ஓடிவருவார்கள். வாலைப் பிடிப்பார்கள். தின்னும்போது தொடுவார்கள். சாதுவான நாயும் பயத்தில் கடித்துவிடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் குழந்தைகளையும் நாயையும் தனியே விடாதீர்கள்.

எந்த நாய் கடித்தாலும் உடனே செய்யவேண்டியது இது:

1. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும்.

2. மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எதையும் அப்பக் கூடாது.

3. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். ஊசி இலவசம்தான்.

4. டாக்டர் சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்கவேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

"எங்கள் வீட்டு நாய்தானே! லேசான கீறல்தானே!" என்று இருந்துவிடாதீர்கள். வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் காலத்தில் ஊசி போட்டால் நோயே வராமல் தடுத்துவிடலாம். 1885-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார். நம் குன்னூரில் 1907-ல் பாஸ்டர் பெயரால் நிலையம் ஏற்பட்டது. வயிற்றைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலை ஏறிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. பயம் எதற்கு?

திரும்பி வந்ததும்

நாயின் காது, கழுத்து, கால் விரல் இடுக்கு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். தொழுவத்தில் படுத்த நாயின் உடம்பில் உண்ணி இருக்கும். உண்ணி கடித்தால் நாய்க்குக் கடுமையான காய்ச்சல் வரும். தீனி எடுக்காமல் சோர்ந்து படுத்தால் தாமதம் செய்யாமல் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

நாலு நாள் சேர்ந்து இருக்கத்தான் ஊருக்குப் போகிறோம். நாய்க்கு உங்களை விட்டால் வேறு ஊர் ஏது? வேறு உறவு ஏது? அழைத்துப் போங்கள். கயிற்றை மட்டும் கையை விட்டு விடாதீர்கள்!