உப்பு வரி போகவே இல்லை, பிறகு உப்பு சத்தியாகிரகம் ஜெயித்தது எப்படி?

"ஒரு கைப்பிடி உப்பை எடுத்ததுக்கா வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனான்?"

ஆகஸ்ட் 15 நெருங்கினால் அலுவலக கேன்டீனிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ இந்தக் கேள்வி உங்கள் காதில் விழுந்திருக்கும். கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். 1930ல் காந்தி உப்புச் சட்டத்தை மீறினார். 1931ல் அரசுடன் ஒப்பந்தம் போட்டார். அதற்குப் பிறகும் உப்பு வரி நீடித்தது. கேட்டது கிடைக்காத ஒரு போராட்டத்தை எப்படி வெற்றி என்கிறோம்?

அகிம்சை என்றால் அடியை வாங்கிக்கொண்டு பொறுமையாக இருப்பது என்று பலர் நினைக்கிறோம். அப்படிப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. எண்களோடு பார்த்தால் வேறு ஒரு கதை தெரிகிறது.

முதல் கணக்கு: ஆண்டவர்கள் எத்தனை பேர்?

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் சுமார் 35 கோடி பேர் இருந்தார்கள். அதில் ஐரோப்பியர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு, ராணுவத்தையும் சேர்த்து. அப்படியென்றால் வரி வசூலித்தது யார்? லத்தி பிடித்தது யார்? பெரும்பாலும் இந்தியர்கள்தான். கிராம அதிகாரி, கான்ஸ்டபிள், குமாஸ்தா, சிப்பாய் எல்லோரும் தினமும் வேலைக்கு வந்ததால்தான் ஆட்சி நடந்தது. அந்த ஒத்துழைப்பு குறைந்தால் ஆட்சி ஆட்டம் காணும். காந்தி போட்ட கணக்கு இதுதான்.

ஏன் உப்பு?

1882ஆம் ஆண்டு உப்புச் சட்டப்படி, உப்புத் தயாரிப்பும் விற்பனையும் அரசின் ஏகபோகம். கடற்கரையில் தானாகப் படிந்த உப்பை அள்ளினாலும் குற்றம். அரசின் வரி வருமானத்தில் உப்பின் பங்கு சுமார் 8 சதவீதம். பெரிய தொகை இல்லைதான். ஜவஹர்லால் நேரு உட்பட காங்கிரஸ் தலைவர்கள் சிலருக்கே முதலில் இது புரியவில்லை. வைஸ்ராய் இர்வின், உப்புப் போராட்டத்தை நினைத்துத் தன் தூக்கம் கெடவில்லை என்று பிப்ரவரியில் லண்டனுக்கு எழுதினார்.

ஆனால் உப்பு இல்லாத வீடு எது? நிலம் இல்லாதவர்களும் உப்பு வாங்கினார்கள். இந்து, முஸ்லிம், ஆண், பெண் எல்லோரையும் தொட்ட வரி அது. சட்டத்தை மீறத் துப்பாக்கி வேண்டாம், பணம் வேண்டாம், படிப்பும் வேண்டாம். ஒரு பானையும் கடல் தண்ணீரும் போதும். போராட்டத்தில் சேர்வதற்கான செலவை இதைவிடக் குறைக்க முடியாது.

1930 மார்ச் 2 அன்று இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் காந்தி இன்னொரு கணக்கையும் வைத்தார். வைஸ்ராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், மற்ற படிகள் தனி. ஒரு நாளைக்கு 700 ரூபாய். சராசரி இந்தியரின் ஒரு நாள் வருமானம் 2 அணாவுக்கும் குறைவு. அப்போது ரூபாய்க்கு 16 அணா. நீங்களே போட்டுப் பாருங்கள், 5,000 மடங்குக்கு மேல் வரும்.

24 நாள் நடை எதற்கு?

மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களுடன் காந்தி கிளம்பினார். ரயிலில் போயிருந்தால் சீக்கிரமே முடிந்திருக்கும். அவர் சுமார் 385 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 5 அன்று தண்டி சேர்ந்தார். மறுநாள் காலையில் சட்டத்தை மீறினார்.

அந்த 24 நாட்களில் செய்தி தினமும் வளர்ந்தது. வழியில் கிராம அதிகாரிகள் பலர் ராஜினாமா செய்தார்கள். ஒரு டேட்டா செய்தியாளராக என்னைக் கவர்ந்த விஷயம் இன்னொன்று. ஒவ்வொரு கிராமமும் தன் புள்ளிவிவரத்தைத் தயாராக வைக்கும்படி காந்தி கேட்டிருந்தார். மக்கள்தொகை, தீண்டாமைக்கு ஆளானவர்கள் எத்தனை பேர், எத்தனை ராட்டை, எத்தனை மாடு, எவ்வளவு நிலவரி, ஆளுக்கு எவ்வளவு உப்பு. போகிற ஊரின் நிலவரம் தெரிந்துதான் அங்கே பேசினார்.

அரசு எங்கே மாட்டியது?

கைது செய்தால் தியாகி ஆகிவிடுவார். செய்யாவிட்டால் சட்டத்துக்கு மதிப்பில்லை. இந்தச் சிக்கலை நம் ஊரிலேயே பார்க்கலாம். ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் ஒரு வழி கண்டுபிடித்தார். நடப்பவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்கு 6 மாதச் சிறை என்று எச்சரித்தார்.

விளைவு? சோற்றுப் பொட்டலங்கள் வழியோர மரக்கிளைகளில் தொங்கின. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது! உப்பு அள்ளாதவர்களையும் அந்த எச்சரிக்கை போராட்டத்துக்குள் இழுத்துவிட்டது. ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். அதே வேதாரண்யத்தில் ருக்மணி லட்சுமிபதியும் சிறை சென்றார்.

லத்தியும் பலன் தரவில்லை. மே 21 அன்று குஜராத்தின் தராசனா உப்பு ஆலையை நோக்கி, சரோஜினி நாயுடு தலைமையில் சுமார் 2,500 தொண்டர்கள் வரிசையாகப் போனார்கள். இரும்புப் பூண் போட்ட லத்திகள் தலையில் இறங்கின. யாரும் திருப்பி அடிக்கவில்லை. அமெரிக்கச் செய்தியாளர் வெப் மில்லர் தற்காலிக மருத்துவமனையில் 320 காயம்பட்டவர்களை எண்ணினார், 2 பேர் இறந்திருந்தார்கள். அவர் அனுப்பிய செய்தி உலகம் முழுக்க 1,000க்கும் அதிகமான பத்திரிகைகளில் வந்தது.

லண்டனை அதைவிட அதிகம் பயமுறுத்தியது பெஷாவர். ஏப்ரல் 23 அன்று, கான் அப்துல் கஃபார் கானின் கைதை எதிர்த்துக் கூடிய கூட்டத்தின் மீது சுடச் சொன்னபோது, கர்வால் ரைபிள்ஸ் படையின் வீரர்கள் மறுத்தார்கள். சுடச் சொல்லப்பட்டவர்கள் இந்துக்கள், எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். வீரர்களுக்குத் தலைமை தாங்கிய சந்திர சிங் கர்வாலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிப்பாய் கட்டளையை மறுத்தால் என்ன ஆகும் என்று அரசு அன்று பார்த்துவிட்டது.

சரி, கிடைத்தது என்ன?

அந்த ஆண்டு 60,000க்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். பிரிட்டிஷ் துணி இறக்குமதி கிட்டத்தட்ட பாதியாகச் சரிந்தது. இதில் உலகப் பொருளாதார மந்தத்துக்கும் பங்கு உண்டு, முழுப் பெருமையையும் புறக்கணிப்புக்குக் கொடுக்க முடியாது.

1931 மார்ச் 5 அன்று காந்தி-இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. வன்முறையில் ஈடுபடாத கைதிகளுக்கு விடுதலை, கடலோர மக்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுக்க அனுமதி. அவ்வளவுதான். வரி நீங்கியது 1946ல் அமைந்த இடைக்கால அரசின் காலத்தில். ஒப்பந்தம் முடிந்து 18 நாளில் பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். அன்றைய இளைஞர்கள் காந்தி மீது கொண்ட கோபத்தை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஆனால் சர்ச்சிலின் கோபத்தையும் கவனியுங்கள். வைஸ்ராயின் மாளிகைப் படியேறி ஒரு இந்தியர் சமமாக உட்கார்ந்து பேசுகிறாரே என்பதுதான் அவரை எரிச்சலூட்டியது. மாறியது வரி விகிதம் இல்லை. யார் யாருக்குக் கட்டளையிடலாம் என்பது மாறத் தொடங்கியிருந்தது.

எல்லா இடத்திலும் இது பலிக்குமா?

ஆய்வாளர்கள் எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் 1900 முதல் 2006 வரை உலகில் நடந்த 323 போராட்டங்களை ஒப்பிட்டு 2011ல் புத்தகம் வெளியிட்டார்கள். ஆயுதப் போராட்டங்களில் 26 சதவீதம் வென்றன, ஆயுதமில்லாதவற்றில் 53 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள்: அகிம்சைப் போராட்டங்களிலும் 47 சதவீதம் முழு வெற்றி பெறவில்லை. உத்தரவாதம் எதுவும் கிடையாது.

அதிகம் பேர் சேர முடிவது இதன் பெரிய பலம் என்கிறார்கள் அவர்கள். துப்பாக்கி தூக்கச் சிலரால்தான் முடியும். உப்பு காய்ச்ச, கடை அடைக்க, மரத்தில் ஒரு சோற்றுப் பொட்டலம் கட்டிவிட்டுப் போக யாராலும் முடியும்.

அடுத்த முறை யாராவது "ஒரு கைப்பிடி உப்புக்கா?" என்று கேட்டால், அந்தப் பொட்டலத்தைக் கட்டியவரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் கலெக்டரின் உத்தரவு அன்று அவரிடம்தான் தோற்றது.