அடையாளக் கார்டைப் பார்க்கலாம், பறித்து வைத்துக்கொள்ளலாகாது

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டு தொடங்கிவிடுகிறது. அங்கே வேலை கேட்டு வந்து நிற்கும் புதிய ஆளிடம் கிராணியார் முதலில் கேட்பது அடையாளக் கார்டையே ஆகும். அதிலுள்ள எண்ணைச் செக்ரோலில் எழுதிக்கொண்ட பின்னரே அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இச்சிறு காரியத்தில் நிர்வாகம், தொழிலாளி ஆகிய இரு தரப்பாரின் சட்டப் பொறுப்பும் அடங்கியிருக்கிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

1929-ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரஸ்ஸல் இம்மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், ஆளுக்கு அடையாளம் கங்காணியின் வாய்ச்சொல்தான். அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட 1948-ஆம் ஆண்டில்தான் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் யாவரும் பதிவு செய்துகொண்டு அடையாளக் கார்டு பெறவேண்டும் என்ற விதி வந்தது. பின்னர், 1959-ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் அதனை நிலைபெறச் செய்தது. குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு என்ற நிறப் பாகுபாட்டை நம் தோட்டத்துச் சிறுவரும் அறிவர்.

அந்த நிறம் எத்துணைப் பெரிய செய்தி என்பதை நம் மக்கள் 1969-இல் உணர்ந்தனர். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதார் வேலை பெர்மிட் இன்றி வேலை செய்யலாகாது என்றாயிற்று. ஒருவருடைய கார்டைப் பார்த்து அவரை வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யும் பொறுப்பு முதலாளிமார் தலையில் விழுந்தது. குடியுரிமை பெறும் தகுதி இருந்தும் காலத்தே விண்ணப்பம் செய்யாது விட்ட தொழிலாளர் பலர். ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் இந்நாட்டை விட்டுத் திரும்பினர். அக்காலத்து லயங்களில் வளர்ந்தோர் கப்பல் ஏறிய அண்டை வீட்டாரை இன்றும் நினைவுகூர்வதுண்டு.

இன்றைய நிலை வேறு. கொழுந்து பறிக்கும் பணியில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுதி. ஆகவே நிர்வாகத்தின் கவலை குடிநுழைவுச் சட்டத்தைப் பற்றியதாக மாறியுள்ளது. 1959/63-ஆம் ஆண்டின் அச்சட்டத்தில் 55B என்னும் பிரிவு, செல்லத்தக்க பாஸ் இல்லாத அந்நியரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு, ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என விதிக்கிறது. ஒரே வேளையில் ஐவருக்கு மேல் அவ்வாறு வைத்திருந்தது மெய்ப்பிக்கப்பட்டால், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. குத்தகையாளர் கொண்டுவந்த ஆட்கள்தாமே என்று தோட்ட நிர்வாகம் வாளாவிருக்கவும் இயலாது. தம் இடத்தில் கள்ளக் குடியேறியைத் தங்கவிடும் இடத்துக்குரியவருக்கு 55E பிரிவின்கீழ்த் தனித் தண்டனை இருக்கிறது.

பாஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாலும் போதாது. தற்காலிக வேலை பாஸ் ஒரு முதலாளிக்கும் ஒரு துறைக்குமே உரியது. கட்டுமானத் துறைக்குப் பெற்ற பாஸுடன் வருபவர் தேயிலைக் காட்டில் இறங்கினால், பாஸ் உண்மையானதாக இருந்தும் வேலை சட்டத்துக்குப் புறம்பாகிவிடுகிறது. பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் பார்த்து ஆளை எடுப்பதும் இதைப் போன்ற ஆபத்தே. மூலப் பத்திரத்தைக் கண்ணால் கண்டு, ஐயம் இருப்பின் குடிநுழைவு இலாகாவிடம் கேட்டறிவதே முறை.

இத்தண்டனைகளுக்கு அஞ்சிச் சில இடங்களில் நிர்வாகத்தார் வேறொரு தவற்றைச் செய்கின்றனர். ஆள் ஓடிவிடாதிருக்கப் பாஸ்போர்ட்டை அலுவலக அலமாரியில் பூட்டி வைக்கின்றனர். பிறருக்கு வழங்கப்பட்ட பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரமின்றித் தம்மிடம் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றமாகும். அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். அடையாளக் கார்டுக்கும் இது பொருந்தும். தக்க காரணமின்றிப் பிறர் கார்டை வைத்திருப்போருக்கு 1990-ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிகள் 3 ஆண்டு வரை சிறையோ 20,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கின்றன. கார்டை வாங்கிப் பார்த்து, விவரத்தை எழுதிக்கொண்டு, உடைமைக்காரர் கையிலேயே திருப்பித் தருவதுதான் கிராணியாரின் கடமை. தமையனின் கார்டைக் காட்டி வேலைக்கு வரும் இளைஞரும் இதே விதியில் அகப்படுவார் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குள் நடப்பதுதானே என்று நம்மவர் இதனை இலேசாகக் கருதுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இனி, எண்ணைப் பற்றிச் சிறிது கூறுவேன். 1990-இல் வந்த 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம். பகாங்கில் பிறந்தவர் பலரின் கார்டில் 06 என்று காணலாம். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை; பெண்ணுக்கு இரட்டைப்படை. எதிரே நிற்பவர் தோற்றத்தில் 16 வயதினராகவும் எண் 40 வயதைக் காட்டுவதாகவும் இருந்தால், கேள்வி கேட்கக் கிராணியாருக்கு வேறு கருவி வேண்டியதில்லை. இளம் வயதினரை வேலைக்கு வைப்பதற்கு 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம் தனி வரம்புகளை வகுத்திருக்கிறது.

ஆயினும் எண் பொருந்தாத இடமெல்லாம் மோசடி நடந்த இடமன்று. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களிலேயே நான் கண்ட உண்மை இது: வகுப்புப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் பிறப்புப் பத்திரத்தில் வேறுவிதமாகவும் ரூமி எழுத்தில் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். 1990-க்கு முன் கார்டு பெற்ற மூத்தோருக்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பழைய எண் ஒன்று உண்டு. தோட்ட ஏட்டில் பழைய எண்ணும் கார்டின் முகப்பில் புதிய எண்ணுமாக இருப்பதைக் கண்டு, ஒரு தோட்டத்தில் அம்மையார் ஒருவரைப் போலிக் கார்டுக்காரர் என ஐயுற்றனர். கார்டின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது பழைய எண்ணும் அங்கேயே இருந்தது. அதற்குள் அவருக்கு நான்கு நாள் வேலை போயிற்று.

எண்ணில் பிழை நேர்ந்தால் இழப்பு நாள் சம்பளத்தோடு நிற்பதில்லை. 60 வயதுக்குட்பட்ட குடிமகன் மாதம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெற்றால், ஊழியர் சேம நிதிக்கு அவர் பங்கு 11 விழுக்காடு, நிர்வாகத்தின் பங்கு 13 விழுக்காடு. அப்பணத்தை உரியவர் கணக்கில் கொண்டு சேர்ப்பது அந்த எண்தான். ஓர் இலக்கம் மாறினால் பணம் அவர் கணக்கைச் சேராது. அவர் இறந்த பின்னர் மனைவியார் பத்திரங்களுடன் அலுவலகத்துக்கு அலைய நேரிடும். சொக்சோ நட்ட ஈட்டிலும் இதே தொல்லை உண்டு.

எண் ஒவ்வாமையைக் காரணமாக்கி ஆளை அன்றே நிறுத்திவிடுவதும் நிர்வாகத்துக்குப் பாதுகாப்பன்று. தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவுப்படி 60 நாள்களுக்குள் முறையிடலாம். முதலில் அவரைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அனுப்பி விவரத்தைத் திருத்திவரச் செய்வதே நன்று. சிவப்புக் கார்டைக் கண்டு அஞ்சுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே கூறிய 55B பிரிவு, குடிமக்களையும் நுழைவு அனுமதி பெற்ற நிரந்தரவாசிகளையும் விலக்கிவிட்டே பேசுகிறது. வேலை பற்றிய வேறு ஐயம் இருந்தால், தொழிலாளர் இலாகாவிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தொழிலாளத் தோழர்கள் அடுத்த சம்பள நாளில் சம்பளச் சீட்டிலுள்ள எண்ணைத் தம் கார்டோடு ஒத்துப் பார்க்கவும். சேம நிதி அறிக்கையிலுள்ள பெயரையும் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால் கார்டின் இரு பக்கங்களையும் காட்டி, அலுவலக ஏட்டைத் திருத்தும்படி கிராணியாரைக் கேட்கவும். கார்டை மட்டும் அங்கே விட்டுவிட்டு வரவேண்டாம்.