பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமராவும் நீர்புகாக் கையடக்கக் கேமராவும்: புதுச்சேரிச் சூழலில் ஓர் ஒப்பீடு

டி.எஸ்.எல்.ஆர் கேமரா, நீர்புகாக் கையடக்கக் கேமரா ஆகியவை எண்ணிம ஒளிப்படக் கருவிகளின் இரு வகைகள் ஆகும். முதலாவது பெரிய ஒளி உணரியும், கழற்றி மாற்றக்கூடிய லென்சும் கொண்டது. இரண்டாவது பைக்குள் அடங்கும் அளவில், மழையிலும் கடல்நீரிலும் இயங்குமாறு செய்யப்பட்டது. கண்ணாடியில்லா கேமராக்கள் பரவிய பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர் கேமராக்களின் வரவு குறைந்துவிட்டது. எனவே பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமராக்கள் கைமாறிய நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு கேமரா வாங்கத்தான் பணம் உள்ளது என்ற நிலையில் உள்ள மாணவர் இவ்விரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எளிய கேள்வி அன்று. புதுச்சேரி போன்ற கடலோர நகரில் ஒளி, நீர் ஆகிய இரண்டையும் சேர்த்து எண்ணியே இதற்கு விடை காண வேண்டும்.

இக்கட்டுரையில் நிக்கான் டி90 (2008), ஒலிம்பஸ் டஃப் டிஜி-5 (2017) ஆகிய இரண்டும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுக்கிடையே ஒன்பது ஆண்டு இடைவெளி உண்டு. ஆனால் இரண்டும் சுமார் 12 மெகாபிக்சல் படங்களையே தருகின்றன. பிக்சல் எண்ணிக்கை சமமாக இருப்பதால், மற்ற வேறுபாடுகளைத் தெளிவாகக் காண இந்த இணை உதவுகிறது.

அமைப்பு

டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளி, 45 பாகைச் சாய்வில் உள்ள ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்குள்ள பட்டகம் அதைக் காண்குழிக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்புகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளி உணரியின் மீது விழுகிறது. எடுப்பவர் காண்பது லென்ஸ் காணும் அதே காட்சி என்பது இதன் சிறப்பு. நிகழ்படம் எடுக்கும் வசதியுடன் வந்த முதல் டி.எஸ்.எல்.ஆர் என்ற பெயரும் டி90 கேமராவுக்கு உண்டு.

நீர்புகாக் கையடக்கக் கேமராவில் இந்தக் கண்ணாடியும் காண்குழியும் இல்லை. பின்புறத் திரையைப் பார்த்தே படம் எடுக்க வேண்டும். சூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாது; அதன் பகுதிகள் உடலுக்குள்ளேயே நகரும். வெளியே அசையும் குழாய் இருந்தால் அதன் இடுக்கில் நீர் புகும் என்பதே இதற்குக் காரணம்.

நீருக்கடியில் கூண்டு இல்லாமல் இயங்கும் கேமராவின் வரலாறு பிரான்சில் தொடங்குகிறது. கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் தேவைக்காக ஜான் தெ வூட்டர்ஸ் என்ற பெல்சியப் பொறியாளர் கலிப்சோ என்ற படச்சுருள் கேமராவை வடிவமைத்தார். அதன் வழிவந்த நிக்கோனாஸ் 1963இல் நிக்கான் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது.

| கூறு | நிக்கான் டி90 | ஒலிம்பஸ் டிஜி-5 |
|---|---|---|
| உணரியின் அளவு | 23.6 × 15.8 மி.மீ. | சுமார் 6.2 × 4.6 மி.மீ. |
| லென்ஸ் | மாற்றலாம் | நிலையானது (25–100 மி.மீ. இணை) |
| எடை | 620 கிராம் (லென்ஸ், மின்கலம் இல்லாமல்) | 250 கிராம் (மின்கலத்துடன்) |
| நீர்காப்பு | இல்லை | 15 மீட்டர் ஆழம் வரை |
| ஒரு மின்னேற்றத்தில் படங்கள் | சுமார் 850 | சுமார் 340 |
| நிகழ்படம் | 720 வரி | 4கே |
| இருப்பிடப் பதிவு | தனிக் கருவி தேவை | உள்ளே உண்டு |

உணரியின் அளவும் ஒளியும்

மழையில் முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தால், ஒரே நேரத்தில் அண்டாவில் அதிக நீர் சேரும். வாய் அகலமே காரணம். உணரியின் பரப்பும் அவ்வாறே செயல்படுகிறது. டி90 உணரியின் பரப்பு சுமார் 373 சதுர மி.மீ.; டிஜி-5 உணரியின் பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. அதாவது முன்னது ஏறத்தாழ 13 மடங்கு பெரியது. ஒரு பிக்சலின் அகலம் டி90இல் சுமார் 5.5 மைக்ரான்; டிஜி-5இல் சுமார் 1.5 மைக்ரான்.

எனினும் 13 மடங்கு ஒளி கிடைக்கும் என்று இதிலிருந்து முடிவு செய்யக்கூடாது. லென்சின் திறப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிஜி-5இன் அகலக் கோண முனையில் திறப்பு எஃப்/2. டி90 உடன் வழக்கமாக விற்கப்பட்ட 18–105 மி.மீ. லென்சின் திறப்பு எஃப்/3.5. திறப்பு எண்களின் விகிதத்தை வர்க்கப்படுத்தினால், டிஜி-5 லென்ஸ் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சுமார் 3 மடங்கு ஒளியைத் தருகிறது. எனவே மொத்த வேறுபாடு 13 மடங்கிலிருந்து நான்கு மடங்கு அளவுக்குக் குறைகிறது. புதிய உணரித் தொழில்நுட்பம் இதை மேலும் சற்றுக் குறைக்கிறது. ஆனால் சூம் செய்யும்போது டிஜி-5இன் திறப்பு எஃப்/4.9 வரை சுருங்குவதால் இந்தச் சலுகை மறைந்துவிடுகிறது. டி90இல் எஃப்/1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்சைப் பொருத்தினால் இடைவெளி மீண்டும் விரிகிறது.

சிறிய உணரிக்கும் ஒரு நன்மை உண்டு. அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒருசேரத் தெளிவாக விழும். டிஜி-5 நுண்நோக்கி முறையில் லென்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் உள்ள பொருளையும் குவியப்படுத்தும். சிப்பி, பூச்சி, பழைய நாணயம் போன்றவற்றைப் படமெடுக்க டி90 கேமராவுக்குத் தனி மேக்ரோ லென்ஸ் தேவைப்படும்.

நீர்காப்பு செயல்படும் விதம்

நீர்புகாக் கேமராவின் மின்கலக் கதவிலும் இணைப்புக் கதவிலும் மெல்லிய ரப்பர் வளையங்கள் உள்ளன. கதவைப் பூட்டும்போது இவை நசுங்கி இடைவெளியை அடைக்கின்றன. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கூடுகிறது. 15 மீட்டர் ஆழத்தில் கேமராவின் 3 அங்குலத் திரை மீது மட்டும் சுமார் 40 கிலோ எடைக்கு ஒப்பான அழுத்தம் விழுகிறது. அந்நிலையில் வளையத்தில் ஒட்டிய ஒரு தலைமயிரோ மணல் துகளோ போதும், நீர் உள்ளே புகுந்துவிடும்.

ஐபி68 என்ற குறியீடு கொண்ட கைபேசிகளை இவற்றுக்கு இணையாகக் கருதக்கூடாது. அக்குறியீடு பெரும்பாலும் நன்னீரில் செய்யப்படும் சோதனையைக் குறிக்கிறது. உப்புநீர் மின்னேற்றத் துளையை அரிக்கும்.

டி.எஸ்.எல்.ஆர் கேமராவையும் தனிக் கூண்டில் வைத்து நீருக்குள் கொண்டுசெல்ல முடியும். ஆனால் அக்கூண்டின் விலை பெரும்பாலும் பழைய கேமராவின் விலையை விஞ்சும்.

நீருக்குள் ஒளியின் நடத்தையும் மாறுகிறது. ஒளிவிலகலால் பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கில் இருப்பதுபோலத் தோன்றும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் மங்கிப் படம் நீலப்பச்சையாகிறது. ஆற்றுநீர் கலக்கும் மழைக்காலத்தில் கடல் கலங்கியிருக்கும்; பிளாஷ் ஒளி மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பி, படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும். எந்தக் கேமராவாயினும் பொருளுக்கு ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுப்பதே இதற்குத் தீர்வு.

புதுச்சேரியில் பயன்பாடு

புதுச்சேரியின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தன. ஃபெஞ்சல் புயலின்போது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போது டி90 போன்ற நீர்காப்பில்லா கேமராவை வெளியே எடுப்பது ஆபத்தானது. எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நீர் நின்றது என்ற பதிவை அந்நேரத்தில் நீர்புகாக் கேமராவே தர முடியும். மாசி மகத்தின்போது வைத்திக்குப்பம் கடற்கரையில் நடைபெறும் தீர்த்தவாரியிலும், அலையும் கூட்டமும் ஒன்றாகச் சேரும் இடத்தில் சிறிய கேமராவே பாதுகாப்பானது.

கடற்கரை மாற்றத்தைப் பதிவு செய்வதும் மாணவர்களுக்கு ஏற்ற பணியாகும். 1980களில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் அமைந்த பின் நகரக் கடற்கரையின் மணல் அரிக்கப்பட்டது, கருங்கற்களே கரையாயின. பின்னர் கடலுக்குள் செயற்கைத் தடுப்பு அமைக்கப்பட்டதும் தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் சேரத் தொடங்கியது. ஒரே இடத்தில் நின்று மாதந்தோறும் ஒரு படம் எடுக்க, இருப்பிடத்தைத் தானே பதியும் கேமரா உதவியாக இருக்கும்.

ஊசுட்டேரிப் பறவைகளைப் படமெடுக்க நிலை வேறு. டிஜி-5இன் லென்ஸ் 100 மி.மீ. இணையோடு நின்றுவிடுகிறது, தொலைவில் உள்ள நாரை ஒரு வெள்ளைப் புள்ளியாகவே தெரியும். டி90இல் 300 மி.மீ. லென்சைப் பொருத்தினால் 450 மி.மீ.க்கு இணையான பார்வை கிடைக்கிறது. திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், தமிழர் பகுதி வீடுகளின் திண்ணைத் தூண்கள், தாழ்வாரத்து மர வேலைப்பாடுகள் போன்றவை குறைந்த ஒளியில் அமைந்தவை. முக்காலியில் நிறுத்திய பழைய டி.எஸ்.எல்.ஆர் இவற்றை மணிமணியான புள்ளிகள் இல்லாமல் பதிவு செய்யும். உட்புறங்களில் படமெடுக்க முன்கூட்டியே இசைவு பெறுவது அவசியம்.

பழைய கேமரா வாங்கும்போது

இவ்விரு வகைகளும் ஒரே விதமாக முதுமை அடைவதில்லை. டி.எஸ்.எல்.ஆர் கேமராவின் வயதை ஷட்டர் இயங்கிய எண்ணிக்கையைக் கொண்டு அளக்கலாம். டி90இன் ஷட்டர் ஒரு லட்சம் இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கான் கேமராவில் எடுத்த மூலப்படக் கோப்பிலேயே இந்த எண்ணிக்கை பதிவாகியிருக்கும். பதினைந்து ஆண்டுப் பழைய கேமரா முப்பதாயிரம் படங்களே எடுத்திருந்தால், அதன் ஷட்டருக்கு இன்னும் வாழ்நாள் மிச்சமுள்ளது. லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

நீர்புகாக் கேமராவில் முதுமை அடைவது ரப்பர் வளையம். பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அது இறுகும். ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுமாறு ஒலிம்பஸ் நிறுவனம் பரிந்துரைத்தது. வெளித்தோற்றத்தைப் பார்த்து வளையத்தின் நிலையை அறிய முடியாது. எனவே கைமாறிய நீர்புகாக் கேமராவை மழைக்கு மட்டும் நம்பலாம்; வளையம் மாற்றிச் சோதிக்காமல் ஆழ்கடலுக்குக் கொண்டுசெல்லக் கூடாது. பழையதாக வாங்குவது டி.எஸ்.எல்.ஆர் வகையில் சிக்கனம்; நீர்புகா வகையில் அதே சிக்கனம் இழப்பாக முடியலாம்.

பராமரிப்பு

கடலோரக் காற்றின் ஈரப்பதம் லென்சுகளில் பூஞ்சை வளர ஏற்றது. டி.எஸ்.எல்.ஆர் கேமராவைத் தோல் பையிலோ மர அலமாரியிலோ பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகா டப்பாவில் வைப்பது நல்லது. ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருந்தால் போதும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவரும்போது பையைத் திறக்காமல் சிறிது நேரம் வைத்தால் நீர்த்துளி படியாது.

நீர்புகாக் கேமராவைக் கடலிலிருந்து எடுத்ததும், கதவுகளைத் திறக்காமல் நன்னீரில் ஊறவைத்து உப்பை அகற்ற வேண்டும். முழுதும் உலர்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். இது நீரில் மூழ்கும் என்பதால் மிதவை வார் கட்டுவது அவசியம்.

தேர்வு

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரி கட்டடம் 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. ஒரு கட்டடத்தின் பழைய தோற்றத்தைப் பின்னாளில் அறிய, அது நிற்கும்போதே எடுத்த தெளிவான படங்கள் தேவை. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைச் சேர்த்து வைத்திருப்பது இதற்கு நல்ல முன்மாதிரி.

கட்டடங்கள், சிற்பங்கள், பறவைகள், மங்கிய ஒளி ஆகியவற்றில் ஈடுபாடு உள்ளவருக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர் கேமராவே குறைந்த செலவில் கூடுதல் பயன் தரும். மழை, வெள்ளம், கடற்கரை, நீச்சல், சிற்றுயிர்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய விரும்புபவர், புதிய அல்லது வளையம் மாற்றப்பட்ட நீர்புகாக் கேமராவையே வாங்க வேண்டும். இரண்டையும் சிறிதளவு செய்ய விரும்பும் பள்ளிக் குழுக்கள், டி.எஸ்.எல்.ஆர் ஒன்றை வாங்கி, மழைநாளில் அதை வெளியே எடுக்காமல், அந்நாள்களுக்கு நீர்புகாக் கேமரா ஒன்றை இரவல் பெறுவது சிக்கனமான வழியாகும்.