நூற்றிருபது இரவும் ஐந்து இரவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் அத்தான் செருப்பை வாசலில் உதறிவிட்டு, கையில் செல்போனும் முகத்தில் வெற்றிப் புன்னகையுமாக உள்ளே நுழைந்தார்.

"ரோமாபுரியில் ஐந்து இரவு! நாலு நட்சத்திர ஹோட்டல்! அறை வாடகை ஒரு காசு கிடையாது!" என்றார்.

பின்னாலேயே வந்த அக்கா, "ஒரு காசு கிடையாதாமா? நாலு வருஷமாக அதற்கு விலை கொடுத்தது யாராம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

நேயர்களே, அக்காவின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அத்தான் சொன்னது மெய்யா, கதையா என்று பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அத்தான் இருக்கலாம் அல்லவா?

மெய்தான். பெரிய ஹோட்டல் கம்பெனிகள் அடிக்கடி வந்து தங்குகிறவர்களுக்குப் 'பாயிண்டு' என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அத்தான் கணக்கு வைத்திருப்பது மாரியட் கம்பெனியில். அதன் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒரு டாலர் பெறுமான செலவுக்குப் பத்துப் பாயிண்டு. வருஷத்தில் இருபத்தைந்து இரவு தங்கியவருக்குக் கால் பங்கு கூடுதல். சேர்ந்த பாயிண்டைக் கொடுத்து, வேறு ஊரிலோ வேறு தேசத்திலோ அதே கம்பெனியின் ஹோட்டலில் தங்கலாம். காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை போடுகிறார்களே, அந்த ரகந்தான். கொஞ்சம் பெரிய கொசுறு!

இந்தக் கொசுறுக்கு வயது நாற்பதுக்குச் சற்று மேல். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனி, பறந்த மைல்களைக் கணக்கு வைத்து இனாம் டிக்கெட் தர ஆரம்பித்தது. ஹோட்டல்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1983-ல் ஹாலிடே இன், மாரியட் இரண்டுமே களத்தில் இறங்கின. ஹாலிடே இன்னுக்கு இலவசம் புதிதும் அல்ல. அதை ஸ்தாபித்த கெம்மன்ஸ் வில்சன், 1951-ல் மனைவி மக்களுடன் வாஷிங்டனுக்குக் காரில் போனபோது, வழியில் தங்கிய விடுதிகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே காசு கேட்டார்களாம். ஐந்து குழந்தைக்காரர், பொறுப்பாரா? மறு வருஷம் மெம்பிஸ் நகரில் தாமே ஹோட்டல் திறந்து, பெற்றோருடன் தங்கும் குழந்தைக்குக் கட்டணமில்லை என்று அறிவித்துவிட்டார்!

அத்தானின் கணக்குக்கு வருவோம். அவரிடம் இருந்தது 1,60,000 பாயிண்டு. ரோமில் அவர் பார்த்த ஹோட்டல் இரவுக்கு 40,000 கேட்டது. நாலு இரவுதானே வரும் என்கிறீர்களா? இங்கேதான் சூட்சுமம். மாரியட்டில் பாயிண்டு கொடுத்துத் தொடர்ந்து ஐந்து இரவு எடுத்தால், ஐந்தில் எந்த இரவுக்குக் குறைந்த பாயிண்டோ அந்த இரவு இலவசம். ஹில்டன் கம்பெனியிலும் வெள்ளி அந்தஸ்தும் அதற்கு மேலும் உள்ள அங்கத்தினர்களுக்கு ஐந்தாவது இரவு இப்படி உண்டு. ஆகவே நாலு நாள் பிரயாணத்தை ஐந்தாக்குங்கள். மூன்று நாளானால் பாயிண்டைத் தொடுமுன் யோசியுங்கள்.

எப்படி யோசிப்பது? ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போதும். ஓர் அறைக்கு 24,000 ரூபாய் அல்லது 40,000 பாயிண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாயிண்டுக்கு அறுபது காசு கிடைக்கிறது. இன்னோர் ஊரில் 9,000 ரூபாய் அல்லது 30,000 பாயிண்டு. முப்பது காசுதான். இரண்டாவது இடத்தில் பணத்தைக் கொடுங்கள். முதலாவதில் பாயிண்டைக் கொடுங்கள்.

"இன்னும் சேரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பூட்டி வைக்கவும் கூடாது. பாயிண்டு பாங்கியில் போட்ட பணமல்ல, வட்டி கிடையாது. 2022-ல் மாரியட் தன் நிலையான பாயிண்டு அட்டவணையையே எடுத்துவிட்டது. இப்போது தேதிக்குத் தேதி கத்தரிக்காய் விலை மாதிரி ஏறி இறங்குகிறது. போதாக்குறைக்கு, இருபத்துநாலு மாதம் கணக்கில் ஒரு வரவு செலவும் இல்லாவிட்டால் சேர்ந்தது அத்தனையும் போய்விடும்.

வேறு சில விஷயங்களையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் கம்பெனியிடமே நேராக அறை எடுத்தால்தான் பாயிண்டு விழும். இடைத் தரகர் மூலம் எடுத்தால் பெரும்பாலும் விழாது. ஆபீஸ் செலவில் தங்கினாலும் தங்கியவர் கணக்கில்தான் சேரும் என்றாலும், சில ஆபீசுகளுக்குத் தனி விதி உண்டு; கேட்டுக்கொள்வது நல்லது. பாயிண்டுக்கு ஆசைப்பட்டுக் கடன் அட்டையில் கண்டதையும் வாங்கித் தவணை தவறினால், வட்டி அந்த இலவச அறையைப் போல் இரண்டு அறையை விழுங்கிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, அத்தானின் 'ஒரு காசு கிடையாது' என்ன ஆயிற்று? ரோம் நகரசபை 2023 அக்டோபரில் நாலு நட்சத்திர ஹோட்டலில் தங்குகிறவருக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 7.50 யூரோ வரி என்று வைத்தது. பாயிண்டு அந்த வரியைக் கட்டாது. இரண்டு பேருக்கு ஐந்து இரவுக்கு 75 யூரோ. விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குத் தலைக்கு 90, இருவருக்கு 180. காலைப் பலகாரம் தனி. இத்தாலியில் காபியை நின்றுகொண்டே குடித்தால் மலிவு. உட்கார்ந்தால் ஆசனத்துக்கும் சேர்த்துக் காசு. வீதிக்கு வீதி இரும்புக் குழாய்களில் ஓயாமல் கொட்டும் குடிதண்ணீர் ஒன்றுதான் மெய்யான இலவசம், 1874-லிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது!

"இரண்டு பேருக்கா? குழந்தைகள்?" என்று கேட்டேன்.

அத்தான் தலையைச் சொறிந்தார். ஐரோப்பாவில் சாதாரண அறை இரண்டு பேருக்குத்தான். நாலு பேர் என்றால் இரண்டு அறை, பாயிண்டும் இரட்டிப்பு.

"சரிப்படாவிட்டால் ரத்து செய்துவிடலாம். கெடுவுக்குள் செய்தால் பாயிண்டு அப்படியே திரும்பி வந்துவிடும்" என்றார்.

காபியுடன் வந்த அக்கா டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"பாயிண்டு திரும்பி வரும். அந்த நூற்றிருபது இரவு வருமா?"

யாரும் பேசவில்லை.

"நான் காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறேன். சின்னவனுக்கு ஜுரம் நூற்று மூன்று, நீங்கள் புனேயில். நம் கல்யாண நாள், நீங்கள் ஹைதராபாத்தில். வாடகை கொடுத்தது உங்கள் ஆபீஸ். இரவைக் கொடுத்தது நான்."

அத்தான் காபியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "அதனால்தான் இரண்டு பேருக்குப் போட்டேன்" என்றார்.

கூடத்து ஊஞ்சலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். போய்விட்டு வாருங்கள்."

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பாயிண்டுக் கணக்கு இருந்தால் இன்றைக்கே திறந்து பாருங்கள். எத்தனை பாயிண்டு என்று மட்டுமல்ல, அது யாருடைய இரவுகள் என்றும் பாருங்கள். செலவழிக்கும் வழி தானே தெரியும்.

ஐப்பசியில் இருவரும் புறப்படுகிறார்கள். அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அதன்படி அத்தானின் ஆபீஸ் போன் அந்த ஐந்து இரவும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும். சாவி என்னிடம்!