கழகத்தின் பெயரும் கழகத்தின் கதவும்

சில மாதங்களுக்கு முன்னர் தரம் 9 வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், மூர்ஸ் கழகம் எண்டா சோனகர்ர கழகம்தானே? அப்ப ரங்கன ஹேரத் எப்பிடி அதுல விளையாடினார்?"

பாடவேளை முடிய மணி அடித்துவிட்டதால் சுருக்கமாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் இதே கேள்வி வேறு விதமாக நம் எல்லோரிடமும் கேட்கப்பட்டது. முஸ்லிம் பெயரில் ஒரு சங்கம் ஏன், ஒரு கழகம் ஏன் என்றார்கள். நம்மவர்களிலும் சிலர் பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார்கள். ஆகவே அந்த மாணவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பில் கிரிக்கெட் வேரூன்றியபோது, கொழும்பு கிரிக்கெட் கழகம் நெடுங்காலம் ஐரோப்பியருக்கு மட்டுமானதாகவே இருந்தது. உள்ளே போக முடியாதவர்கள் தங்களுக்கென்று கழகங்களை அமைத்துக்கொண்டார்கள். அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று முஸ்லிம்களுடையது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. கொழும்பு மலாய் கிரிக்கெட் கழகம் 1872இல் தொடங்கப்பட்டது. இலங்கை ரைபிள் படையணியில் சேவையாற்றிய மலாய் மக்கள், பிரித்தானியச் சிப்பாய்களோடு பழகிய பழக்கத்தில் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டவர்கள். அதன் பின்னர் 1899இல் சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும் வந்தன. பறங்கியருக்கும் ஒரு கழகம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோனகரின் மூர்ஸ் விளையாட்டுக் கழகம் வந்தது.

இன்றைய கண்ணால் பார்த்தால் இது இனவாதமாகத் தெரியலாம். அன்றைய நிலையில் அது இடம் தேடும் முயற்சி. மற்றவர் வீட்டுக் கதவு மூடியிருந்தபோது தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டது போன்றது. கேட்க வேண்டிய கேள்வி, அந்த வீட்டின் கதவை அவர்கள் பின்னர் திறந்தார்களா என்பதுதான்.

திறந்தார்கள். தமிழ் யூனியன் அமைத்த கொழும்பு ஓவல் மைதானத்தில் 1948இல் டொன் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி விளையாடியது. 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை விளையாடியதும் அதே மைதானத்தில்தான். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக அமைத்த மைதானம் முழு நாட்டுக்கும் உரியதாயிற்று. மூர்ஸ் கழகத்தில் பல வருடங்கள் பந்து வீசியவர் குருநாகல் மாவட்டத்தின் சிங்களக் கிராமமொன்றில் பிறந்த ரங்கன ஹேரத். பின்னர் அவர் முத்தையா முரளிதரனின் கழகமான தமிழ் யூனியனுக்குச் சென்றார். முரளிக்கு 800 டெஸ்ட் விக்கெட், ஹேரத்துக்கு 433. சோனகர் பெயரிலும் தமிழர் பெயரிலும் உள்ள கழகங்களில் விளையாடிய ஒரு சிங்கள வீரரைப் பார்த்து இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. என் மாணவன்தான் கேட்டான். அவனுக்கு அது புதுமையாகப் பட்டது என்பதே நாம் யோசிக்க வேண்டிய விடயம்.

கதவைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. பம்பாயில் ஐரோப்பியர், பார்சி, இந்து அணிகள் மோதிய போட்டியில் 1912இல் முஸ்லிம் அணியும் சேர்ந்தது. 1937இல் கிறிஸ்தவர் உள்ளிட்ட ஏனையோருக்கும் ஓர் அணி அமைந்தது. ஆட்டத்தின் தரம் உயர்ந்தது, கூட்டமும் அலைமோதியது. ஆனால் எந்த அணியில் விளையாடுவது என்பதை மதமே தீர்மானித்தது. ஒருவரின் வெற்றி மற்றவரின் சமயத்துக்குத் தோல்வியாகப் பார்க்கப்படும் ஆபத்து அதில் இருந்தது. 1940இல் காந்தி அதை எதிர்த்தார். 1946இல் அந்தப் போட்டி நின்றுபோயிற்று.

அதே நாட்டின் கல்கத்தாவில் 1891இல் ஆரம்பிக்கப்பட்ட முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் இன்றும் இருக்கிறது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடங்கள் கல்கத்தா உதைபந்தாட்ட லீக்கை வென்ற கழகம் அது. 2024இல் ஐ-லீக் கிண்ணத்தையும் வென்றது. பெயர் அன்று இருந்த அதே பெயர். அணியிலோ பல மதத்தவரும் பல நாட்டவரும் விளையாடியிருக்கிறார்கள். பெயரை மாற்றாமலேயே கதவைத் திறக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கழகம் என்பது விளையாட்டோடு முடிவதுமல்ல. மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கினார்கள். ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த வாலிபர் சங்கங்களை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்து, சமூகப் பணியை ஒழுங்குக்குள் கொண்டுவருவதே அதன் அடிப்படை. யாப்பு, கூட்டறிக்கை, கணக்கு, தெரிவு என்ற பழக்கங்களை இத்தகைய சங்கங்களில்தான் நம் வாலிபர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இனி எங்கள் மூதூருக்கு வருகிறேன். கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியில் மூதூரும் தோப்பூரும் முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். கட்டைபறிச்சான், சம்பூர், கிளிவெட்டி ஆகியவை தமிழ் ஊர்கள். சேருநுவரப் பக்கம் சிங்கள மக்கள். சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கும் இந்தப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காருவதில்லை. பாடசாலைகள் தனித்தனி, விடுமுறைக் காலமும் வேறு. என் சொந்த அனுபவமும் இதுதான். ஆசிரியர் கலாசாலைக்குப் போன பின்னர்தான் ஒரு தமிழ் நண்பனோடு ஒரே அணியில் பந்து விளையாடினேன். அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. பாடசாலையால் சேர்த்துவைக்க முடியாத பிள்ளைகளை மாலை நேரத்தில் சேர்த்துவைக்கக்கூடிய இடம் கழக மைதானம் ஒன்றுதான்.

நம் ஊர்க் கழகங்கள் செய்தவை குறைவல்ல. 2004 சுனாமியின்போது ஜனாஸாக்களைத் தேடி அடக்குவதிலும், வெள்ள காலங்களில் சமைத்த உணவு கொண்டுசெல்வதிலும், இரத்ததான முகாம்களிலும் முன்னுக்கு நின்றவர்கள் மைதானத்தில் பழகிய வாலிபர்கள்தான். ஆனால் இவை எதுவும் எழுத்தில் இல்லை. ஒரு கழகத்தின் பழைய செயலாளர் ஒருவரிடம் ஆரம்பகாலக் கூட்டறிக்கைப் புத்தகத்தைக் கேட்டேன். "2006 ஆகஸ்ட்ல கந்தளாய்க்கு ஓடேக்க புள்ளைகளத்தான் தூக்கினோம், புத்தகத்தயா தூக்கினோம் தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

எழுத்தில் இல்லாத வரலாற்றை மற்றவர்கள் தங்களுக்கு வேண்டிய மாதிரி எழுதிவிடுவார்கள். ஒரு கழகம் யார் யாரோடு விளையாடியது, யாருக்கு உதவியது என்பதற்குப் பதிவு இருந்தால், சந்தேகத்தோடு கேட்பவருக்கு அந்தப் பதிவே பதில் சொல்லும்.

ஆகவே கழகங்களை நடத்தும் தம்பிமாரிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பிரதேச செயலகத்திலுள்ள விளையாட்டு உத்தியோகத்தர் ஊடாகக் கழகத்தைப் பதிந்து, வருடாந்தக் கூட்டத்தையும் கணக்கையும் தவறாமல் வையுங்கள். சுற்றுப்போட்டிக்கு மட்டும் உயிர்பெறும் கழகம் நீடிக்காது. இரண்டாவது, வயதில் மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதி, பழைய படங்களைப் பிரதியெடுத்து வையுங்கள். மூன்றாவது, அடுத்த சுற்றுப்போட்டிக்குக் கட்டைபறிச்சானுக்கும் சேருநுவரவுக்கும் அழைப்பு அனுப்புங்கள். எதிரணியாக அழைப்பதோடு நிறுத்தாமல், விரும்பும் பிள்ளைக்கு உங்கள் சீருடையையும் கொடுங்கள்.

பெயர்ப்பலகை அப்படியே இருக்கட்டும். அது நம் மூத்தோர் வைத்த பெயர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த வருடம் இன்னொரு மாணவன் எழுந்து, நம் ஊர்க் கழகத்தில் விளையாடும் ஒரு தமிழ்ப் பையனையோ சிங்களப் பையனையோ காட்டி அதே கேள்வியை என்னிடம் கேட்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அன்று மணி அடித்தாலும் நின்று பதில் சொல்வேன்.